கெலாபா தீவில் ஒரு நினைவு நடவு

கைலாசம் மனைவியின் பெயரை மறந்தபோது வீட்டில் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. அதற்கு முன்பும் அவர் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. உயிரோடு இருப்பதற்குச் சான்று கொடுக்கப் போன பென்ஷன் அலுவலகத்தில், "ஐயா, நீங்க யாரு?" என்று கேட்ட பெண்ணிடம், "அதத்தாம்மா நானும் கேக்கேன்" என்று சொல்லிவிட்டு வந்தாரே, அன்றைக்குத்தான் மகன் குற்றாலநாதனுக்குச் சுருக்கென்றது. ஊர் சிரிக்கும் என்றால்தான் அந்தக் குடும்பத்தில் எதுவும் நோயாகும்.

கைலாசம் பொதுப்பணித் துறையில் செயற்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பாளையங்கோட்டையில் வீடு. வேலைக்காலம் முழுக்க அணைகளோடும் கால்வாய்களோடும் கிடந்ததாலோ என்னவோ, வீட்டில் இருந்தவர்களையும் மதகு மாதிரியே நடத்தினார். அவர் திறந்தால் பேசலாம். அடைத்தால் அடைத்துக்கொண்டு நிற்க வேண்டும். அப்படிப்பட்ட மனிதர் இப்போது சட்டைப் பொத்தானைக் கையில் வைத்துக்கொண்டு இது எதற்கு என்று யோசிக்கலானார்.

நெல்லையிலும் சென்னையிலும் பார்த்த டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். கடைசியில் யாரோ கெலாபா தீவைப் பற்றிச் சொன்னார்கள். எந்த நாட்டுச் சட்டமும் எட்டிப் பார்க்காத ஒரு துண்டு நிலம். சுற்றிலும் கடல், உள்ளே தென்னை, தென்னைக்கு நடுவில் கண்ணாடியில் கட்டிய ஒரு மருத்துவமனை. போன நினைவைத் திருப்பிக் கொண்டுவரும் வித்தை அங்கே மட்டும்தான் நடக்கிறது. அவர்களுடைய விளம்பரப் படத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் கடலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். எதை நினைத்துச் சிரிக்கிறார் என்று அதில் போடவில்லை.

கைலாசத்தின் மனைவி ஆவுடையம்மாள் இதற்குச் சம்மதித்ததுதான் எல்லோருக்கும் ஆச்சரியம். "இருக்கிறபடி இருந்துட்டுப் போகட்டுமே" என்று சொல்வாள் என்று நினைத்தார்கள். அவளோ முதல் ஆளாகப் பெட்டியைக் கட்டினாள். கணவர் மேல் உயிர் என்று அக்கம்பக்கம் பேசிக்கொண்டது. உயிரும் இல்லை, மண்ணும் இல்லை. அவளுக்கு அவரிடமிருந்து ஒரு வாக்கியத்தின் மிச்சம் வர வேண்டியிருந்தது.

நோய் தொடங்கிய புதிதில் ஒரு நாள், அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது, கைலாசம் எதிரே வந்து உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்தார். "ஏட்டி, அன்னைக்கு உங்கம்மா விசயத்துல நான்..." என்றார். ஆவுடையம்மாளின் கத்தி நின்றுவிட்டது. முப்பது வருஷமாக அவள் காத்துக்கிடந்த பேச்சு அது. "நீங்க?" என்றாள். அவர் கண்ணில் இருந்தது அப்படியே வடிந்துபோனது. "இது என்ன காயி?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு வரவே இல்லை.

அந்த விஷயம் இதுதான். துறையின் தலைமைப் பொறியாளர் வீட்டுக்குச் சாப்பிட வருவதாக இருந்த நாள். கைலாசத்துக்கு ஒரு பதவி உயர்வு அவர் கையில் இருந்தது. ஆவுடையம்மாள் விடிந்ததிலிருந்து அடுப்படியில் நின்றாள். சொதி, அவியல், இஞ்சித் துவையல், பாயசம். காலையிலேயே அம்பாசமுத்திரத்தில் அவளுடைய அம்மா இறந்துபோனாள். அவளுடைய தம்பி பேசியபோது வீட்டுப் போனை எடுத்தது கைலாசம்தான். கைலாசம் ஒரு நொடி யோசித்துவிட்டு, "ஒங்கக்காவுக்குக் கடுங்காய்ச்சல், எந்திரிக்க முடியல, காத்திருக்காண்டாம், ஆக வேண்டியதப் பாருங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். தலைமைப் பொறியாளர் வந்தார், உண்டார், சொதியை வாயாரப் புகழ்ந்தார், ஏப்பம் விட்டார், போனார். அவருடைய கார் தெருவைத் திரும்பிய பிறகுதான் கைலாசம் விஷயத்தைச் சொன்னார். அதற்குள் தாமிரபரணிக் கரையில் எல்லாம் முடிந்திருந்தது. ஆவுடையம்மாள் பெற்றவளின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவில்லை. அவள் கதறியபோது, "நீ போயி எழுப்பிரவா போற?" என்று கேட்டார் அந்த உத்தமர். பதவி உயர்வு வந்தது.

அவர் சொல்ல வந்தது மன்னிப்புத்தான் என்று ஆவுடையம்மாள் உறுதியாக நம்பினாள். அதைக் கேட்டுவிட்டால் போதும், பிறகு அவர் எதை மறந்தாலும் அவளுக்குக் கவலையில்லை.

தீவுக்கு நான்கு பேராகப் போனார்கள். கைலாசம், ஆவுடையம்மாள், மகன் குற்றாலநாதன், அப்புறம் கைலாசத்தின் தங்கை உலகம்மாள். உலகம்மாள் இளம்வயதில் கணவனை இழந்து அண்ணன் வீட்டோடு வந்து சேர்ந்தவள். அண்ணன் வெயில் என்றால் அவளுக்கு வியர்க்கும். அந்தச் சொதிக்குத் தேங்காய்ப் பால் பிழிந்து கொடுத்தவளும் அவள்தான். அம்பாசமுத்திரத்துச் சேதி காலையிலேயே அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் பிழிந்தாள்.

மருத்துவமனையில் தமிழ்க் குடும்பங்களைக் கவனித்துக்கொள்ள ஒரு யாழ்ப்பாணத்துப் பெண் இருந்தாள். டாக்டர் சிவாஜினி. குட்டையான முடி, நேரான பார்வை. வந்த அன்றே மூன்று பேரையும் உட்காரவைத்து விளக்கினாள்.

"இவற்ற தோலில இருந்து எடுத்த செல்லை வளர்த்து, புது மூளைச் செல்லாக்கி, செத்துப்போன இடத்தில நடுவம். அது வேர் பிடிச்சிடும். ஆனா அது வெறும் நிலம். அதில ஒண்டும் இருக்காது."

"அப்ப பழைய நினைப்பெல்லாம்?" என்றான் குற்றாலநாதன்.

"அது போனது போனதுதான். நீங்கள்தான் திரும்பக் குடுக்க வேணும். அவர் அரைத் தூக்கத்தில இருப்பார். அவரோட வாழ்ந்த ஆக்கள் பக்கத்தில இருந்து, அவற்ற வாழ்க்கையை அவருக்குச் சொல்ல வேணும். பழக்கமான குரல் எண்டால் அந்தச் செல் அதைத் தன்ர நினைவாவே பிடிச்சுக்கொள்ளும். சொன்னது இருக்கும். சொல்லாதது இருக்காது. விளங்குதா?"

"ரொம்ப நல்லதாப் போச்சு" என்றாள் உலகம்மாள்.

"நல்லது கெட்டது ரெண்டும் சொல்லுங்கோ. ஒளிக்காதேங்கோ. ஒவ்வொராளா தனியா வந்து சொன்னால் இன்னும் நல்லது."

"எங்களுக்குள்ள என்ன டாக்டர் ஒளிவுமறைவு?" என்று குற்றாலநாதன் சிரித்தான். "நாங்க குடும்பத்தோட உக்காந்தே சொல்லுதோம்."

சிவாஜினி அதையே குறித்துக்கொண்டாள். எந்த ஊர்க் குடும்பம் எப்படிப் பேசும் என்று அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. இழவு வீட்டிலும் பெண் கேட்டு வந்தவர்கள் முன்னாலும் ஒரு மனிதனைப் பற்றிப் பேசுகிற பாஷை ஒன்று நம்மிடம் இருக்கிறது. அந்நியர் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் போதும், அது தானாக வாயில் வந்துவிடும்.

கைலாசம் தலையில் கட்டோடு கண்ணை மூடிக் கிடந்தார். குற்றாலநாதன் தொடங்கினான். அப்பா ஒரு நாள்கூடத் தன்னைக் கைநீட்டி அடித்ததில்லையாம். எத்தனை வேலை இருந்தாலும் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு முதல் வரிசையில் வந்து உட்கார்ந்துவிடுவாராம். பெல்ட்டின் பக்கிள் பட்ட தழும்பு அவன் முழங்கையில் இன்னமும் இருந்தது. சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டுதான் சொன்னான்.

உலகம்மாள் அடுத்துப் பிடித்துக்கொண்டாள். "ஒருத்தன்கிட்டயும் கைநீட்டி அஞ்சு பைசா வாங்காத மனுசன் எங்கண்ணன். அணைக்கட்டு கான்ட்ராக்டர்கள் வீட்டு வாசல்ல தவங்கெடப்பானுக. போங்கலன்னு வெரட்டி விட்டுருவாக." அந்தக் கான்ட்ராக்டர்களில் ஒருத்தர்தான் அவர்களுடைய இரண்டாவது வீட்டுக்குப் பால் காய்ச்சியபோது முன்னால் நின்றவர். உலகம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆவுடையம்மாளின் முறை வந்தது. மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். அம்மா செத்த அன்றைக்கு நீங்கள் செய்ததை நினைத்துப் பாருங்கள் என்று தொடங்குவதாக இருந்தாள். வாயைத் திறந்தபோது சிவாஜினி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நாத்தனார், எதிரில் மகன். வீட்டு விஷயத்தை இன்னொரு நாட்டுக்காரி முன்னால் எப்படிக் கொட்டுவது? முப்பது வருஷமாக அந்தச் சாவைப் பற்றி யார் விசாரித்தாலும் சொல்லிவந்த பதில் ஒன்று அவளிடம் இருந்தது. அது நாக்கில் வழுக்கிக்கொண்டு வந்தது.

"எங்கம்மா தவறுனப்ப இவுகதான் எல்லாத்தையும் முன்ன நின்னு செஞ்சாக. பெத்த மகன் மாதிரி. எனக்கு ஒரு கொறையும் வைக்கல."

சொல்லி முடித்தபோதுதான் என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. உலகம்மாள் "ஆமா ஆமா" என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். சிவாஜினி நெகிழ்ந்துபோனாள். நடவு முடிந்தது.

கைலாசம் எழுந்து உட்கார்ந்த அன்று மருத்துவமனையே கைதட்டியது. பெயரைச் சொன்னார், ஊரைச் சொன்னார், துறையைச் சொன்னார். மகனைக் கட்டிக்கொண்டு, "ஒன்ன ஒரு அடி அடிச்சிருப்பனால நான்?" என்று தழுதழுத்தார். குற்றாலநாதன் முழங்கையைத் தேய்த்துக்கொண்டே இல்லை என்றான். மனைவியை "ஆவுடை" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார், நாற்காலியை இழுத்துப் போட்டார், "நீ சாப்ட்டியாம்மா?" என்றார். வேறு யார் வீட்டு மாப்பிள்ளையோ தவறி இந்த உடம்புக்குள் வந்துவிட்டது போல இருந்தது அவளுக்கு. அன்பாகப் பேசுகிறாரே என்று சந்தோஷம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

நேர்மையும் கூடவே வந்துவிட்டதில் வேறு தொல்லை. "நாதா, என் சம்பளத்துல ரெண்டாவது வீடு எப்படில கட்டுனோம்?" என்று ஒரு மத்தியானம் கேட்டார். குற்றாலநாதன் உலகம்மாளைப் பார்த்தான், உலகம்மாள் கடலைப் பார்த்தாள். "லோன்ப்பா" என்றான் கடைசியில். "அதான பாத்தேன்" என்று அந்தச் சத்தியவான் சமாதானமானார்.

இதையெல்லாம் ஆவுடையம்மாள் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஒரு சாயங்காலம், பக்கத்து அறைக்கு வந்திருந்த மலேசியத் தமிழ்க் குடும்பத்தை உட்காரவைத்து அவர் கதை சொன்னதுதான் தாங்கவில்லை.

"எங்க மாமியார் போன அன்னைக்குப் பாருங்க, ஆபீசுல ஆயிரம் சோலி. எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு அம்பாசமுத்திரத்துக்கு ஓடுனேன். பாடைக்கு நாந்தான் தோள் குடுத்தேன். ஆவுடை அழுதத இப்ப நெனச்சாலும்..." என்று சொல்லி நிஜமாகவே கண் கலங்கினார். அந்தக் குடும்பத்துப் பெண்கள் ஆவுடையம்மாளைப் பார்த்து, "கொடுத்து வச்சவங்கம்மா நீங்க" என்றார்கள்.

அவள் எழுந்து வெளியே வந்துவிட்டாள். அவர் செய்த அநியாயத்துக்கு உலகத்தில் இதுவரை இரண்டு சொந்தக்காரர்கள் இருந்தார்கள், அவரும் அவளும். இப்போது அவர் கைகழுவிவிட்டார். செய்தவன் இல்லாத தப்பை அவள் மட்டும் நெஞ்சில் வைத்துக்கொண்டு சாக வேண்டும். அம்மாவை இரண்டாம் தடவையும் அவளிடமிருந்து பிடுங்கியாகிவிட்டது, இந்தத் தடவை அவளுடைய வாயாலேயே. தன் நாக்கை அறுத்துக் கடலில் எறியலாம் போல ஆத்திரம் வந்தது.

நேரே சிவாஜினியின் அறைக்குப் போனாள்.

"நான் சொன்னது பொய்ம்மா."

சிவாஜினி அதிரவில்லை. "கனபேர் வந்து இப்பிடிச் சொல்லுறவை" என்றாள். "புது நினைவு இன்னும் இறுகேல்லை. இன்னொரு தரம் சொல்லலாம். அதுக்குப் பிறகு மாத்த ஏலாது. ஆனா ஒண்டு யோசியுங்கோ அம்மா. மனுசர் எண்டால் அவையின்ர நினைவுதான். நீங்கள் பழசைச் சொன்னால் பழைய ஆளும் கொஞ்சம் வருவார். இப்ப இருக்கிறவர் நல்லாத்தானே இருக்கிறார்?"

"எனக்கு நல்லவுக வேண்டாம்மா. அதச் செஞ்சவுக வேணும்."

இந்தத் தடவை மகனுக்கும் நாத்தனாருக்கும் சொல்லவில்லை. சோதனை என்று அவரைக் கூட்டிப் போனார்கள். அரைத் தூக்கத்தில் கிடந்தவரின் காதருகே ஆவுடையம்மாள் உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் சிவாஜினி மட்டும்.

இப்போது வார்த்தை வந்தது. தம்பி போன் செய்தது, காய்ச்சல் என்று சொன்ன பொய், சொதி, தலைமைப் பொறியாளரின் ஏப்பம், கார் திரும்பியது, நீ போயி எழுப்பிரவா போற என்று கேட்டது. ஒன்றையும் விடவில்லை. எந்தச் சேலை கட்டியிருந்தாள், கையில் எந்தக் கரண்டி இருந்தது என்பதுவரை சொன்னாள். சொல்லச் சொல்ல மூச்சு லேசாகிக்கொண்டே வந்தது. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொல்கிறாள்.

முடித்துவிட்டு நிமிர்ந்தவள் சிவாஜினியின் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பெண் கட்டிலில் கிடந்தவரை ஒரு புழுவைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு கோணியிருந்தது. "இப்பிடியும் ஒரு மனுசனோ?" என்று வாய்க்குள் சொன்னது கேட்டுவிட்டது.

அவ்வளவுதான். ஆவுடையம்மாளுக்குப் பொறுக்கவில்லை. அவள் திட்டலாம், அவள் வெறுக்கலாம். தாலி கட்டியவரை எங்கிருந்தோ வந்த ஒருத்தி அப்படிப் பார்ப்பதா? யோசிப்பதற்குள் நாக்கு முந்திக்கொண்டது.

"ஆனா அப்புறம் ரொம்ப வருத்தப்பட்டாக. அன்னைக்கு ராத்திரியே எங்கையப் புடிச்சுக்கிட்டு மன்னிப்புக் கேட்டாக."

சிவாஜினியின் முகம் தெளிந்தது. "உண்மையாவோ?"

"ஆமாம்மா. அவுக மனசு வெல்லக்கட்டி. கோவம்தான் முன்னால வந்துரும்."

சொன்னபோது இதில் ஒன்றும் கெட்டுப்போய்விடாது என்றுதான் அவளுக்குத் தோன்றியது. சொல்லவே இனிமையாகக்கூட இருந்தது. தப்பு நடந்தது அவருக்குத் தெரிய வேண்டும், அது தெரிந்துவிட்டது. மிச்சத்தை அவரே சொல்லிவிடுவார். கட்டிலில் கிடந்தவரின் இமை ஒரு தடவை துடித்து அடங்கியது.

மறுநாள் காலை சாப்பாட்டுக் கூடத்தில் நான்கு பேரும் உட்கார்ந்தார்கள். இடியாப்பமும் தேங்காய்ப் பாலும் வைத்திருந்தார்கள். கைலாசம் நாற்காலியை மனைவிக்கு இழுத்துப் போடவில்லை. தனக்குத்தான் இழுத்துப் போட்டுக்கொண்டார். உலகம்மாள் அவர் தட்டில் பரிமாறினாள். ஆவுடையம்மாள் தன் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஏங்க, எங்கம்மா செத்த அன்னைக்கு நடந்தது ஞாபகம் இருக்கா?"

குற்றாலநாதன் தலையைத் தூக்கினான். கைலாசம் தேங்காய்ப் பாலை ஊற்றிக்கொண்டே, "ஏன் இல்லாம? சீஃப் இன்ஜினியர் சாப்பிட வந்த அன்னைக்கு. ஒந்தம்பி காலையிலயே போன் பண்ணுனான். நாந்தான் ஒங்கிட்டச் சொல்லல" என்றார்.

அவருடைய சொந்த வாயிலிருந்து வந்துவிட்டது. மகன் கேட்டான், நாத்தனார் கேட்டாள், இனி யாரும் இல்லையென்று சொல்ல முடியாது. இன்னும் ஒரு வாக்கியம்தான் பாக்கி. காத்திருந்தாள். கைலாசம் இடியாப்பத்தைப் பிசைந்து வாயில் போட்டு மென்றார்.

"அப்புறம்?" என்றாள்.

"அப்புறம் என்ன அப்புறம்?"

"எங்கிட்ட வேற ஒண்ணும் சொல்லணும்னு ஒங்களுக்குத் தோணலியா?"

கைலாசத்தின் நெற்றி சுருங்கியது. பழைய சுருக்கம். "அதான் அன்னைக்கு ராத்திரியே ஒங்கையப் புடிச்சு மன்னிப்புக் கேட்டாச்சுல்லா? இன்னும் எத்தனை தடவட்டி கேக்கது? ஒரு மனுசன் ஒருக்காக் கேட்டாப் போதாதா?"

"கேக்கல" என்றாள் ஆவுடையம்மாள். "நீங்க கேக்கவே இல்ல. நாந்தான் அப்படிச் சொன்னேன். ஒரு தடவகூடக் கேக்கல."

கைலாசம் கையை உதறிக்கொண்டு மகனைப் பார்த்தார். "பாத்தியால ஒங்கம்மாவ? செஞ்ச தப்ப ஒத்துக்கிட்டு ஒருத்தன் கையப் புடிச்சுக் கெஞ்சியிருக்கேன். அதையே இல்லங்கா." அவர் முகத்தில் இருந்தது நடிப்பில்லை. பொய்ப் பழி சுமத்தப்பட்டவனின் வலி அப்படியே இருந்தது. குற்றாலநாதன் எதிலும் மாட்டிக்கொள்ளாமல் தண்ணீர் குடித்தான்.

உலகம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என்ன மதினி இப்படிப் பேசுதிய? ஒங்க மனசுக்கே இது நல்லாருக்கா? அண்ணன் ஒங்க கையப் புடிச்சுக்கிட்டு, சின்னப் பிள்ள மாதிரி தேம்பித் தேம்பி அழுதாகளே. நான் அடுப்படி நடையில நின்னு இந்த ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்லா. எனக்கே அன்னைக்கு அழுகை வந்துட்டு."

சொல்லும்போதே அவள் கண் நிறைந்து வழிந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள். அந்த அழுகையிலும் கள்ளம் இல்லை.

அந்தத் தீவுக்கு வந்த நாளிலிருந்து உலகம்மாளின் தலையில் யாரும் ஒரு செல்லைக்கூட நட்டிருக்கவில்லை.